பட்டா கவருக்குள் இருந்த சீட்டு

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "முப்பத்து மூணு வருஷமா நெஞ்சுக்குள்ள இப்படி ஒரு கோளாற வச்சுக்கிட்டு, ஒனக்குத் தெரியாமயா இருந்துச்சு?" கேட்டுவிட்டுக் காபியை ஆற்றிக் குடிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாமல் என்ன? மாடிப்படி ஏறும்போது தெரியும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது தெரியும். நான் வாய் விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். கேட்டவர்கள்தான் ஆளுக்கொரு பெயர் வைத்து என்னை அனுப்பிவிட்டார்கள். இப்போது சத்தம் போட்டுப் பேசினால் நெஞ்செலும்பு வலிக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு என்று ஊரார் கொண்டுவரும் காகிதங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. "பழைய சீட்டு ஏதாச்சும் இருக்கா? இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடமாவது சொல்வேன். என்னைப் பற்றிய பழைய சீட்டு ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்ததுதான் எனக்குத் தெரியாது.

ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடைப் பகுதி. அம்மா நடவு ஆள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் நானும் அம்மாவோடு வயலில் இறங்குவேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று, பின்னால் நகர்ந்துகொண்டே நாற்றை ஊன்றிப் போவார்கள். எவளாவது பின்தங்கினால் எங்கள் ஊர் நடவு ஆட்களிடம் 'கட்டி விடுவது' என்று ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் அவளை விட்டுவிட்டு நட்டுக்கொண்டே போய், அவள் முதுகுக்குப் பின்னால் வளைத்துச் சேர்ந்துவிடுவார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் நட்ட நாற்று, நடுவில் அவள் மட்டும் வெறும் சேற்றில் நிற்பாள். நாற்றை மிதிக்காமல் அவள் தாண்டி வருவதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள்.

எட்டாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில் என்னை அப்படிக் கட்டிவிட்டார்கள். பாதி வயலிலேயே எனக்கு மூச்சு இரைத்து, இடது பக்கம் யாரோ துணியைப் பிழிவது போல வலித்தது. நான் நிமிர்ந்து நின்றேன். பக்கத்து வரிசையில் இருந்த அமுதா, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என் பின்னால் நட்டுக்கொண்டு வந்து வளையத்தை மூடினாள். யோசனை அவளுடையது அல்ல. "கட்டி விடுங்கடி அவள. அப்பவாச்சும் சோம்பேறித்தனம் போகுதான்னு பாப்போம்" என்று சத்தமாகச் சொன்னது என் அம்மாதான். அன்றிலிருந்து ஊரில் எனக்குச் சோம்பேறி என்று பெயர். கடைத்தெருவில், கோயில் வாசலில், உறவுக்காரர் வீட்டில் என்று நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் அம்மாவே அதைச் சொல்வாள். ஓடச் சொன்னால் உட்கார்ந்துவிடுவாள், குனியச் சொன்னால் நிமிர்ந்துவிடுவாள், படிப்பைத் தவிர ஒன்றுக்கும் உடம்பு வளையாது என்று.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர்கள் மாறின. முதல் மருத்துவர் 'கேஸ்' என்றார். பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னார். இரண்டாமவர் 'ரத்தம் கம்மி' என்று சத்து மாத்திரை கொடுத்தார். மகள் வயிற்றில் இருந்தபோது படுத்தால் மூச்சு முட்டியது. "தலைச்சன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்கள். மூன்றாமவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வீட்ல ஏதும் பிரச்சினையா? பொம்பளைங்களுக்கு டென்ஷன்ல இப்படிப் படபடன்னு வரும்" என்று தூக்க மாத்திரை எழுதினார். இவர்கள் மூவர் கழுத்திலும் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது. ஒருவராவது அதை எடுத்து என் நெஞ்சில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. வைத்தவர்களும் மாவுக்கு உப்புப் பார்ப்பது போலத் தொட்டுவிட்டு எடுத்தார்கள்.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று எங்கள் மையத்தில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. எங்கள் மையம் மாடியில் இருக்கிறது. கீழே போய் நகல் எடுத்துக்கொண்டு மேலே ஏறியவளுக்கு, மேல் படியில் கால் வைத்தது வரைதான் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஒரு பெரியவர் தன் துண்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். மன்னார்குடியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, மாரடைப்பு வந்தவர்களுக்கு இருப்பது போல இருக்கிறது என்று அன்றைக்கே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

தஞ்சாவூர் மருத்துவமனையில் எக்கோ அறைக்கு வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தோம். நான், என் கணவர் கதிரேசன், அம்மா. நர்ஸ் வெளியே வந்து, "ஹார்ட் பேஷண்ட் மேகலா யாரு?" என்று கூப்பிட்டாள். அம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, "மெதுவா கூப்பிடும்மா, நம்ம பக்கத்து ஆளுங்க உக்காந்துருக்காங்க" என்றாள். சற்று நேரத்தில் ஊரிலிருந்து யாரோ கைபேசியில் அழைத்தார்கள். "வயித்துல புண்ணாம். குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்று அம்மா கூசாமல் சொன்னாள்.

"ஏம்மா பொய் சொல்ற?" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றாள்.

எக்கோ எடுத்த மருத்துவர் என்னைவிட இளையவர். கருவியை எடுப்பதற்கு முன்பு ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை நெஞ்சில் அழுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னைவிட மூத்த மருத்துவரைக் கூப்பிட்டார். இருவரும் திரையைக் காட்டி ஆங்கிலத்தில் வேகவேகமாகப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேச்சில் வியப்பு இருந்தது. படுத்துக் கிடப்பவளுக்கு அந்த வியப்பு எவ்வளவு பயமாக இருக்கும் என்பது படித்தவர்களுக்குத் தெரிவதே இல்லை. மறுநாள் கையில் ஊசி வழியே மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தபின்தான் எங்களை உட்காரவைத்து விளக்கினார்கள்.

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. ஆனால் அதன் சொந்தச் சதைக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று இரண்டு குழாய்கள், வலதும் இடதும். நல்ல ரத்தம் போகும் பெருங்குழாயிலிருந்துதான் இரண்டும் பிரிய வேண்டும். எனக்கு இடது குழாய் அங்கே பிரியவில்லை. ஆக்சிஜன் தீர்ந்த ரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகும் குழாயிலிருந்து பிரிந்திருக்கிறது. கருவிலேயே நேர்ந்த பிழை. மிக அரிது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் பிறந்த நாளைக் காண்பதில்லையாம்.

கதிரேசன் குத்தகைக்கு நிலம் உழுகிறவர். அவர்கள் காட்டிய ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், ஆத்துல பிரிய வேண்டிய வாய்க்கா வடிகால்ல பிரிஞ்சிருக்கு. அதான?" என்றார்.

"அதேதான்" என்றார் மருத்துவர்.

"அப்ப அந்தப் பக்கத்து வயலு இத்தன வருஷமா எப்படிக் காயாம கெடந்துச்சு?"

வலது குழாய் அளவுக்கு மீறிப் பருத்து, மெல்லிய கிளைகள் விட்டு, இடது பக்கத்துக்கும் ரத்தம் அனுப்பியிருக்கிறது என்றார் மருத்துவர். ஆனால் அப்படி வருகிற ரத்தமும் அங்கே முழுதாகத் தங்குவதில்லை. நுரையீரல் குழாயில் அழுத்தம் குறைவு, அதனால் அந்தத் திறப்பு வழியே ஒழுகிவிடுகிறது. "பக்கத்து வயல்ல கசிஞ்சு வர்ற தண்ணியையும் வடிகால் இழுத்துக்குது" என்றார் கதிரேசன் என்னைப் பார்த்து. வேலை கூடும்போது நெஞ்சு வலிப்பதும் மூச்சு வாங்குவதும் அதனால்தான். எந்த நேரமும் இதயம் நின்றுபோகலாம் என்பதால் தள்ளிப்போட முடியாது, சென்னையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள்.

"நெஞ்சில சத்தம் கேக்குதுன்னு சின்ன வயசுல யாருமே சொல்லலையா?" என்று இளைய மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். அவர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்னைக்குப் போவதற்கு முன் அம்மா ஊருக்குப் போய் மாற்றுத் துணி எடுத்து வந்தாள். சென்னையில் ஆறு நாள் காத்திருந்தோம். தினம் ஒரு பரிசோதனை, தினம் ஒரு வரிசை. கதிரேசன் காப்பீட்டு அட்டையோடு ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு நடந்தார். எங்கள் மையத்தில் நான் மற்றவர்களை அலையவிட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் சாப்பிட மறந்துவிடுவார், ஆனால் ஊரில் விட்டுவந்த என் மகளுக்குத் தினமும் நாலு மணிக்கு அழைத்து வீட்டுப்பாடம் கேட்க மறக்க மாட்டார். மகளுக்கு எட்டு வயது. அவளை நினைத்தால்தான் எனக்குப் பயம் வரும். நான் இல்லாவிட்டால் அவளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்ற அற்பமான இடத்தில் வந்து அந்தப் பயம் நிற்கும்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மயக்க மருந்து கொடுப்பவர் வந்தார். மறுபடியும் அதே கேள்வி. சின்ன வயதில் ஏதாவது சொன்னார்களா? நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா தன் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். எங்கள் வீட்டு மனைப் பட்டா இருக்கும் கவர். ஒருமுறை நகல் எடுக்கக் கேட்டபோது கவரை என்னிடம் தராமல், திரும்பி நின்று பட்டாவை மட்டும் உருவித் தந்தாள். இப்போது அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

பள்ளிக்கூட மருத்துவ முகாம் சீட்டு. என் பெயர், எட்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. இதயத்தில் இரைச்சல் கேட்கிறது, உடனே இதய மருத்துவரிடம் காட்டவும். காலாண்டு விடுமுறைக்கு முன்னால் நடந்த அந்த முகாம் எனக்கு நினைவிருந்தது. சீட்டை அம்மாவிடம் கொடுத்ததும் நான்தான். சத்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி அம்மா சிவப்பு மாத்திரை வாங்கித் தந்தாள். நான் அதை நம்பினேன்.

மயக்க மருத்துவர் படித்து, தன் கோப்பில் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அவர் போன பிறகு கேட்டேன்.

"தெரியுமா ஒனக்கு?"

"மருந்துக் கடைக்காரரு படிச்சுச் சொன்னாரு."

"ஏன் அழைச்சிட்டுப் போகல?"

"போனா ஊருக்குத் தெரிஞ்சிரும். அப்பன் இல்லாத வீடு. பொம்பளப் புள்ளைக்கி நெஞ்சுல கோளாறுன்னு ஒருவாட்டி பேரு வந்துட்டா எவன் கட்டுவான்? சோம்பேறின்னா சொல்லித் திருத்திக்கலாம்னு கட்டுவான். அதான் நானே அந்தப் பேர ஊருக்குள்ள சொன்னேன்."

அம்மாவே தொடர்ந்து சொன்னாள். "அன்னிக்குக் கட்டி விட்டதுக்கப்புறம் ஒன்ன ஒருநாளாச்சும் முழு வரிசை நட விட்டனா? எம் பக்கத்துலயே நிறுத்தி, ஒன் வரிசையையும் நான்தான நட்டேன்."

அது உண்மை. அந்தச் சம்பா நடவிலிருந்து அம்மாவின் கை என் வரிசைக்குள் வந்து நட்டுவிட்டுப் போகும். என் கைக்கு வேகம் போதாது என்பதால் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். பருத்துப்போன அந்த வலது குழாயையும் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் அழகாகத்தான் இருக்கும். எனக்கு அந்த அழகு வேண்டாம். அழகாக இருப்பதால் ஒரு தவறு சரியாகிவிடாது. தன் இரண்டு கையாலும் எனக்காக உழைத்தவள்தான் நான் பிழைப்பதற்கான சீட்டை இருபது வருடம் மடித்து வைத்திருந்தாள்.

கதிரேசன் சீட்டை வாங்கிப் பார்த்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் இருபது வருடமாகப் பயந்தது இந்தக் கணத்துக்குத்தான் என்று புரிந்தது. சீட்டை மடித்து அம்மாவிடமே கொடுத்துவிட்டு அவர், "சொல்லியிருந்தா எங்க வீட்டுல கட்டியிருக்க மாட்டாங்க. அத்தை நெனச்சது தப்பில்ல" என்றார். எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம் வந்தது அந்த வார்த்தையில்தான். அவர் நல்லவர், உண்மையைச் சொன்னார். அப்படி ஓர் உண்மை இருக்கும்படி இந்த ஊரை யார் வைத்தார்கள்? செத்துப்போகக்கூடிய பெண்ணை ஏற்றுக்கொள்வார்கள், சிகிச்சை எடுத்துப் பிழைத்த பெண்ணை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றால் அது என்ன கணக்கு?

மறுநாள் காலை என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி லிப்ட் வரை வந்தாள். நான் அவளோடு பேசவில்லை. திரும்பி வருவேனா என்று தெரியாமல், பேசாமல்தான் போனேன்.

நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இடது குழாயை அது இருந்த தவறான இடத்திலிருந்து வெட்டி எடுத்துப் பெருங்குழாயில் தைத்தார்கள். பழைய திறப்பை அடைத்தார்கள். கதிரேசன் மொழியில், வடிகாலை அடைத்துவிட்டு ஆற்றில் மதகு வைத்தார்கள். ஐசியுவில் கண் திறந்தபோது வாயில் குழாய் இருந்தது. தாகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. குழாயை எடுத்த பிறகும் தண்ணீர் தரவில்லை, நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டார்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்தாம் நாள் வார்டு நடையில் முழு நீளம் நடந்தேன். மூச்சு வாங்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறார்களா என்று எண்ணியபோது மறுபடியும் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால் அம்மாதான் எனக்குத் தலை வாரினாள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பாள். அம்மா ரசம் வைத்தாள், மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுத்தாள். நான் "ம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவளும் மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பழைய நடவுப் பெண்கள் நாலைந்து பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அமுதாவும் வந்திருந்தாள். வழக்கமான கேள்வி வந்தது. அதோடு அமுதா சிரித்துக்கொண்டே, "சின்னதுலயே இவ வரப்புல குந்திக்குவா. இப்ப டாக்டரே குந்தச் சொல்லிட்டாரு, ராணி மாதிரி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு வலிக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து நடுவில் நின்றாள்.

"அவ சோம்பேறி இல்லடி. அப்பவே அவளுக்கு நெஞ்சுல கோளாறு. பள்ளிக்கூடத்துல சீட்டு எழுதிக் குடுத்தாங்க. நான்தான் மறைச்சு வச்சுட்டு சோம்பேறின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அன்னிக்கு அவளக் கட்டி விடச் சொன்னதும் நான்தான்." பட்டா கவரைக் கொண்டுவந்து சீட்டை விரித்துக் காட்டினாள். அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கை மாற்றிக் கை மாற்றி எல்லாரும் பார்த்தார்கள்.

காபி தம்ளர்களை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அமுதா மட்டும் போகவில்லை. சீட்டு அவள் கையில்தான் இருந்தது. அதன் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பெரியம்மா" என்றாள். "எம் மவளுக்கும் பள்ளிக்கூடத்துல இதே மாதிரி ஒண்ணு குடுத்துருக்காங்க. காது சரியாக் கேக்கலையாம், தஞ்சாவூரு கொண்டு போகணுமாம். ஏழாவதுதான் படிக்கிறா. நான் அரிசி டின்னுல போட்டு வச்சிருக்கேன். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, திமிருன்னு சொல்லிக்கிட்டிருக்கோம்."

அம்மா அவளைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"வா. டின்னுலேருந்து எடு. மேகலா படிச்சுச் சொல்லுவா" என்றாள்.

இருவரும் வெயிலில் இறங்கிப் போனார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அம்மா அன்று எனக்குத் தலை வாராமல் போய்விட்டதைச் சொல்ல வாசல் வரை நடந்து, "அம்மா" என்றேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளை நான் வாய் திறந்து கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அவள் திரும்பியபோது, "சீக்கிரம் எடுத்துட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னேன்.